ரெட்டை விசில்

ஊசி இரண்டும் இறங்கிவிட்டன. முதலாவது கொஞ்சம் தெரிந்தது. இரண்டாவது தெரியவில்லை. இடது முழங்கைக்குக் கீழே அந்த இடம் எட்டு மாதமாக என்னுடையது இல்லை. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஏதோ குறுகுறுவென்று ஓடும், அவ்வளவுதான். ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குப் போகிறது, சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. முதல் மாதம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது பார்ப்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், நான்கு நான்கு மணி நேரம். சிஸ்டர் ஜெயராணி என் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயா, வெள்ளிக்கிழமை போனதுக்கு ரெண்டே முக்கால் கிலோ கூடியிருக்கீங்க. என்ன குடிச்சீங்க?" என்றாள். "தண்ணி" என்றேன். "எவ்வளவு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்து சுலைமான் பாய், "கிணத்துல வாளியை விட்டிருக்க மாட்டாரு சிஸ்டர், அவரே இறங்கியிருப்பாரு" என்றார். பாய் முப்பது வருஷம் பரோட்டாக் கடை நடத்தியவர். எனக்கு முன்னால் ஒரு வருஷமாக இங்கே வருகிறார், அதனால் இந்த வார்டில் எனக்கு மூத்தவர் அவர்தான். "சும்மா கிடயும்வே" என்றேன். "விசிலை எடுத்து ஒண்ணு அடிச்சு இந்த மிஷினை நிப்பாட்டும், சும்மா கிடக்கேன்" என்றார். நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இதே பேச்சுதான். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடைசிக் கட்டில் காலியாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதில் வாட்டசாட்டமான ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விரிப்பு மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

பாய்தான் இதை என் போனில் போட்டுக் கொடுத்தார். போன மாதம் ஒருநாள், சுவரில் தொங்குகிற டிவியில் மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருந்தபோது, "இதைப் பாத்துச் சாகுறதுக்கு எதையாவது கேட்டுச் சாகலாம்வே, போனைத் தாரும்" என்று வாங்கினார். "பாட்காஸ்ட்டு. ரேடியோ மாதிரிதான். ஆனா நாம நிப்பாட்டினா நிக்கும். விட்ட இடத்துல இருந்து திரும்பப் போகும்." மகன் வாங்கித் தந்த போன், பேரன் விட்டுவிட்டுப் போன காதுக்குழாய். அதற்குள் இத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. 'மூணாவது தெரு' என்று ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள். ஷைனி என்று ஒரு பெண் பேசுகிறாள், அவசரப்படாமல் பேசுகிறாள். எந்தத் தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறாள். மூடிக்கிடந்த நூலகத்தை யார் யார் போய்த் திறக்கவைத்தார்கள் என்று சொல்கிறாள். பிறகு யாராவது ஒருவர் வந்து தன் கதையைச் சொல்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒரு பெண். நாற்பத்தைந்து வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு கல்லுடைப்பவர். தன் பெயரில் ரேஷன் அட்டை வாங்க ஆறு வருஷம் நடந்த ஒரு திருநங்கை. அவர்கள் சொல்லும்போது அழுகிறார்கள், சிலநேரம் ஷைனியும் அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை. நன்றாகவும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவருடைய வாழ்க்கை காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் நான்கு மணி நேரம் போய்விடுகிறது. பஸ்ஸில் ஏறுகிற ஆளைப் பார்ப்பதுபோல்தான். ஏறுகிறார்கள், பேசிக்கொண்டே வருகிறார்கள், அவரவர் இடத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை வந்தது இது, எனக்கு இன்றுதான் கண்ணில் பட்டது. வலது கை பெருவிரலால் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஷைனி சொன்னாள், இன்றைக்குப் பேசப்போவது செல்லக்கனி, வயது நாற்பத்தேழு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், பிறந்தது மஞ்சக்காட்டுக் காலனி. மஞ்சக்காடு என்றதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மஞ்சக்காடு. புளியமரம். அதற்கு முந்திய நிறுத்தம் செங்கல் சூளை, அதற்குப் பிந்தியது இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பிள்ளையார் கோயில். எங்கள் வழித்தடத்தில் மொத்தம் இருபத்தோரு நிறுத்தம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், இப்போதும் வீட்டில் தூக்கம் வராவிட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு படுத்திருப்பேன். செங்கல் சூளை, பிள்ளையார் கோயில், ரைஸ் மில். மஞ்சக்காட்டைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று இதுவரை யோசித்ததில்லை. செங்கல் சூளை. பிள்ளையார் கோயில். வாய் தானாக அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

செல்லக்கனியின் குரல் கொஞ்சம் கட்டையான குரல். சமையல்கூடத்துப் புகை. "பத்தாம் வகுப்புப் பரீட்சை. மத்த பேப்பர் எல்லாம் எழுதியாச்சு, கடைசிப் பேப்பர். டவுன்லதான் சென்டர், பதினாலு கிலோமீட்டர். எங்க காலனியில பஸ்ஸு நிக்காது. நிறுத்தம்னு இருக்கு, ஆனா நிக்காது. நாங்க எல்லாரும் பிள்ளையார் கோயிலுக்கு நடந்துபோய் ஏறுவோம். அன்னைக்கு நான் பாதி வழி போயிட்டேன், பாத்தா ஹால் டிக்கெட் இல்ல. திரும்ப ஓடிவந்து வீட்ல எடுத்தேன். பெறகு கோயிலுக்குப் போக நேரம் இல்ல. எங்க அம்மை சொன்னா, இங்கனயே புளியமரத்துக்கிட்ட நில்லு, பரீட்சைக்குப் போற பிள்ளைன்னு பாத்தா நிப்பாட்டுவாவன்னு. அம்மையும் கூட நின்னா. எட்டு நாப்பதுக்கு வண்டி வந்துச்சு. நான் கையைக் காட்டுனேன். ஹால் டிக்கெட்டையும் சேத்துத் தூக்கிக் காட்டுனேன். வண்டி மெதுவாச்சு. நிக்கப்போகுதுன்னு ரெண்டடி முன்னால வந்தேன். டிரைவரு என் முகத்தை நேராப் பாத்தாரு. பெறகு அழுத்திட்டாரு." தண்ணீர் குடித்து டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. "நிக்காம நேராப் போயிருந்தா இவ்வளவு வருஷம் ஞாபகம் இருக்காதும்மா. மெதுவாயிட்டுப் போச்சு பாருங்க, அதுதான். அந்த டிரைவர் முகத்தை எங்க பாத்தாலும் சொல்லிருவேன்." ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள். பதினோரு மணி ஆகிவிட்டது. உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு அம்மா பீடி சுற்ற உட்காரவைத்துவிட்டாள். எட்டு வருஷம் கழித்து எழுதிப் பாஸ் பண்ணினாளாம். இதைச் சொல்லும்போது செல்லக்கனி சிரித்தாள். ஷைனி அந்த டிரைவர் பெயர் தெரியுமா என்று கேட்டாள். "தாவீது" என்றாள் செல்லக்கனி. "பெறகு ரோட்டுல தர்ணா நடந்தப்ப எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொன்னாவ."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மிஷினில் ரத்தம் தெரியும். காதுக்குள் அவள் பேசிக்கொண்டே போகிறாள், நான் பெருவிரலால் நிறுத்தினேன், நின்றது. பாய் சொன்னது சரிதான். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியாது. வெளியில் நிற்கிறவர்களுக்கு இன்னும் தெரியாது. டிரைவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, அதனால் அவர்தான் வண்டியை நிறுத்துகிறார், அவர்தான் எடுக்கிறார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒத்தை விசில் என்றால் நிறுத்து. ரெட்டை விசில் என்றால் போ. விசில் கண்டக்டர் வாயில் இருக்கிறது. பின்படியில் யார் ஏறுகிறார்கள், யார் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்திருக்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது, அதனால் அவர் தன் கண்ணை நம்பக் கூடாது, விசிலைத்தான் நம்ப வேண்டும். தாவீது அதில் கண்டிப்பானவர். வேறொரு வண்டியில் ஓட்டியபோது விசில் வராமல் எடுத்து ஒரு கிழவி விழுந்துவிட்டாள், அதிலிருந்து அப்படி. நான் விசிலை மறந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தால் அவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்பாரே தவிர நகரமாட்டார். செல்லக்கனி ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லவில்லையா, விசில் அவள் காதில் விழவில்லையா? வண்டி மெதுவானபோது அது என் விசிலால் மெதுவாகவில்லை. சூளையைத் தாண்டும்போதே ரெட்டை விசில் அடித்துவிட்டேன், தினமும் அப்படித்தான், மஞ்சக்காடு வரும் முன்னாலேயே. தாவீது அன்றைக்கு ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கிவிட்டார். வண்டியின் சத்தம் இறங்கியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ளை கையைக் காட்டுது" என்று கத்தினார். நான் பின்படியில் நின்றிருந்தேன். ரெட்டை விசில் அடித்தேன். வண்டி இன்னும் மெதுவாகத்தான் போனது. இன்னொரு தடவை அடித்தேன், நீளமாக. அவர் அழுத்தினார். செல்லக்கனி அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் அடுத்த நொடி அவளைத் தாண்டிப் போனேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வெள்ளைத் தாள் ஒன்று. ரிப்பன். பின்னால் அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

யார் சொன்னார்கள் என்று யோசிக்கிறேன். மஞ்சக்காட்டில் நிறுத்தாதே என்று எனக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷமும் முதலாளி சொன்னார் என்றே வைத்திருந்தேன். முதலாளியின் முகத்தைக் கொண்டுவந்து பார்க்கிறேன், வெற்றிலை வாய், தங்க பிரேம் கண்ணாடி, ஷெட்டில் சாய்வு நாற்காலி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் லேட் ஆகக் கூடாது, லேட் ஆகக் கூடாது, அது ஒன்றுதான். அப்படியானால் மேனேஜர் சண்முகவேல். ஆனால் சண்முகவேல் வேலைக்கு வந்தது தர்ணாவுக்குப் பிறகு. அப்படியானால் எனக்கு முன்னால் அந்த வண்டியில் இருந்த கண்டக்டர். அவர் எனக்கு இரண்டு நாள் வழி காட்டினார். அந்த இரண்டு நாளும் மஞ்சக்காட்டில் வண்டி நின்றது, ஒரு பெரியவர் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டானோடு ஏறினார், அதை எங்கே வைக்கச் சொல்வது என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. நின்றிருக்கிறது. அப்படியானால் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள். சூளை முதலாளியின் மைத்துனர், இரண்டு வாத்தியார்கள், உரக்கடைக்காரர். அவர்கள் சொன்னார்களா? மஞ்சக்காட்டு ஆட்கள் ஏறும்போது அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள், யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அப்படியானால் யார்? மறுபடி முதலாளி. வெற்றிலை வாய், தங்க பிரேம். வரவில்லை. ஒருநாள் லேட் ஆகிவிட்டது, ரேடியேட்டர் கொதித்து. அன்றைக்கு மஞ்சக்காட்டில் முன்கூட்டியே ரெட்டை விசில் அடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உரக்கடைக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், நல்ல பிள்ளை என்பதுபோல. மறுநாள் லேட் இல்லை. மறுநாளும் அடித்தேன். அதற்கு மறுநாளும். கொஞ்ச நாளில் அங்கே யாரும் நிற்பதில்லை, கோயிலுக்கு நடந்துபோய் நின்றார்கள், அப்புறம் அது வேலையாகவே தெரியவில்லை. லேட் ஆகிற நாளில் பிள்ளையார் கோயிலில் அப்படி அடித்திருப்பேனா? இதைக் கேட்க எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, பதில் வர ஒரு நொடிகூட ஆகவில்லை. அடித்திருக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை. நான்தான்.

"ஐயா, கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்." பட்டை வலது புஜத்தில் இறுகி, இறுகி, தளர்ந்தது. "நூத்து முப்பது, எம்பது. சூப்பரா இருக்கு" என்று ஜெயராணி எழுதிக்கொண்டு போனாள். சூப்பரா இருக்கிறது. மிஷினுக்கும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு படபடக்க வேண்டும், வியர்க்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வர வேண்டும். உடம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாம் இந்தக் குழாய் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஒருவேளை அதனால்தானோ. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஒரு வாய் தண்ணீர் கேட்டால் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுவாள். கேட்கவில்லை. திரும்பவும் தட்டினேன், விட்ட இடத்திலிருந்து போனது. பரீட்சை போன மறு திங்கள்கிழமை காலனி முழுவதும் ரோட்டில் உட்கார்ந்ததைச் செல்லக்கனி சொன்னாள், தாசில்தார் வந்ததை, முதலாளி காரில் வந்து கையைக் கும்பிட்டதை, அந்த டிரைவரை அனுப்பிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னதை. அதற்கு முன்னால் ஷெட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "எவம்ல நிறுத்தாம வந்தது?" என்று கேட்டார். நான் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையின் வாரில் ஒரு தையல் விட்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டிருந்தேன், நாலு தையல், ஐந்தாவது விட்டிருந்தது. "வண்டிய நான்தான மொதலாளி ஓட்டுதேன்" என்றார் தாவீது. அது பொய்கூட இல்லை. அவ்வளவுதான் சொன்னார். ஒரு வண்டியில் வேலை பார்க்கிற இரண்டு பேர் முதலாளியிடம் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை, எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். அவர் அதைக் காப்பாற்றினார். நானும் காப்பாற்றினேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். "நாளையில இருந்து வராதே" என்றார் முதலாளி. வெளியே வந்ததும் தாவீது சாவியை என் கையில் கொடுத்து, ஆபீசில் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு, "நாளைக்கு மஞ்சக்காட்டுல நிப்பாட்டச் சொல்லிருக்காவ. புது டிரைவருக்குத் தெரியாது. சூளை தாண்டினதுமே ஒத்தை விசில் அடிச்சிரும் அண்ணாச்சி. பிரேக்கு மெதுவாத்தான் பிடிக்கும்" என்றார். திட்டியிருக்கலாம். துப்பியிருக்கலாம்.

மறுநாள் அப்படியே அடித்தேன். நின்றது. புளியமரத்தடியில் காலனியே நின்றது. முப்பத்தேழு பேர் ஏறினார்கள், முப்பத்தேழு டிக்கெட். எல்லோரும் அடுத்த நிறுத்தம் பிள்ளையார் கோயிலுக்குத்தான் கேட்டார்கள். கோயிலில் அத்தனை பேரும் இறங்கி, சிரித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி வீட்டுக்கு நடந்துபோனார்கள். எனக்குக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று கோபம் வந்தது. மூன்று நாள் அதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், பாருங்க, வேலை கெட்டவனுக. இன்றைக்குச் செல்லக்கனி காதுக்குள் சொல்கிறாள்: "எங்க மரத்தடியில ஏறி ஒரு தடவை உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சும்மா. வேற ஒண்ணும் இல்ல. எங்க அம்மைக்கு அதுதான் அந்த வண்டியில மொத தடவை. அந்த டிக்கெட்டை நான் ஹால் டிக்கெட்டோட வச்சிருக்கேன்." அந்த டிக்கெட்டை நான் கிழித்தேன். அவள் அம்மா கையில் நான் கொடுத்தேன். முகத்தைப் பார்த்துக் கொடுத்தேனா? நினைவில்லை. கண்டக்டர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். பிறகு ஷைனி பேசினாள், முடிக்கப்போகிற குரலில். "தாவீது இப்ப உயிரோட இல்ல. அவரோட வீட்டம்மா ஞானம்மா நம்ம ஊர்லதான் இருக்காங்க. வர்ற புதன்கிழமை அவங்களப் பாக்கப்போறோம். ஏன் நிறுத்தல, வீட்ல எப்பவாவது சொல்லியிருக்காரான்னு கேக்கப்போறோம். அதுக்கு முன்னாடி, அந்த நாள்ல அந்த பஸ்ஸுல போனவங்க, வேலை பாத்தவங்க யாராவது இருந்தா, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள நம்ம நம்பருக்கு வாய்ஸ் அனுப்புங்க." செவ்வாய்க்கிழமை இன்றுதான். புதன்கிழமை நாளைதான்.

ஞானம்மா கோயில் தெருவில் கடைசி வீடு. தாவீது அதற்குப் பிறகு பஸ் ஓட்டவில்லை, ஒரு கம்பெனியும் எடுக்கவில்லை, தண்ணீர் லாரி ஓட்டினார், முதுகு போனது, எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்தார். அடக்கத்துக்குப் போனேன். மாலை போட்டேன். ஞானம்மா மளிகைக் கடையில் பார்த்தால், "அண்ணாச்சி, சுகமா இருக்கீகளா? தினமும் உங்களுக்கு ஜெபம் பண்ணுதேன்" என்பாள். நாளைக்கு அந்த வீட்டு வாசலில் ஷைனி நிற்பாள். அவசரப்படாமல் கேட்பாள். ஞானம்மா என்ன சொல்வாள்? அவளுக்கு என்ன தெரியும்? தாவீது அவளிடம் சொல்லியிருப்பாரா, சொல்லியிருந்தால் அவள் எனக்கு ஜெபம் பண்ணுவாளா? சொல்லவில்லை என்றால், என் புருஷன் நல்லவர்தான், ஏன் நிறுத்தவில்லை என்று தெரியவில்லை என்று அவள் அழ, அதை ஊரே காதில் மாட்டிக்கொண்டு கேட்கும். நானும் வெள்ளிக்கிழமை இதே கட்டிலில் படுத்துக் கேட்பேன். நான்கு மணி நேரம் போய்விடும். நான் சொன்னால் என்ன ஆகும்? மகன் கேட்பான். மகனுடைய ஆபீசில் கேட்பார்கள். எங்கள் தெருவில் சிலர் வந்து, நீரு ஏன்வே இப்போ போய் இதை எல்லாம் கிளறுதீரு, செஞ்சது சரிதானே என்றுகூடச் சொல்வார்கள், அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது. ஞானம்மா ஜெபத்தை நிறுத்திவிடுவாள். அது எனக்கு இவ்வளவு தேவைப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. பயம் என்று சொல்கிறேன். பயம் மாதிரி ஒன்று எங்கேயோ தள்ளி நிற்கிறது, கையைக் காட்டிக்கொண்டு. கிட்டே வரவில்லை. அந்த நேரம் வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கத்திவிட்டேன். ஜெயராணி ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தாள். "தண்ணி வேகமா எடுக்குதுல்ல, அதான். இனிமே குடிப்பீங்களா?" வலித்தது. வலி போனபோது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"பாய்" என்றேன். "இந்தப் பிள்ளைகளுக்குப் பேசி அனுப்புறது எப்படி?" பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளும். எங்க தெருவுல லைட்டு எரியலைன்னு நான் அனுப்பினதை ரெண்டாவது எபிசோடுலயே போட்டாங்க, கேட்டீரா? எம் பொண்டாட்டி இருபது தடவை கேட்டா. செத்தவனுக்கு ஓதுற ஃபாத்திஹாவை உயிரோட இருக்கும்போதே ஓதின மாதிரி இருந்துச்சு." போனைக் கை நீட்டி வாங்கி, நம்பரை எடுத்துத் திரும்பக் கொடுத்தார். "இந்த மைக்குப் படம் இருக்குல்ல, அதைப் பெருவிரலால அமுக்கிப் பிடியும். பிடிச்சுக்கிட்டே பேசும். விரலை எடுத்தா போயிரும். பிடிக்கலைன்னா எடுக்காம அப்படியே இடது பக்கமா இழுத்துவிடும், அழிஞ்சிரும். எதைப் பத்திவே சொல்லப்போறீரு? இந்த ஆசுபத்திரி இட்லியைப் பத்திச் சொல்லும், புண்ணியமாப் போகும்." சொல்லிவிட்டுத் தன் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பேசுகிறவனைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் திரும்பினார் என்று நினைக்கிறேன். மிஷினில் இன்னும் ஒரு நிமிஷம் என்று காட்டியது. அமுக்கினேன். எண்கள் ஓட ஆரம்பித்தன. "என் பேரு ஆவுடையப்பன்" என்றேன். என் குரல் கண்டக்டர் குரல் இல்லை. "அந்த வண்டியில நான்தான் கண்டக்டர். ஒத்தை விசில்னா நிறுத்து, ரெட்டை விசில்னா போ. தாவீது நிறுத்தப் பாத்தாரு. பிள்ளை கையைக் காட்டுதுன்னு சொன்னாரு. நான்தான் ரெட்டை விசில் அடிச்சேன். ரெண்டு தடவை அடிச்சேன். எனக்கு யாரும் சொல்லல. முதலாளி சொல்லல. நானா அடிச்சேன். அந்தப் பிள்ளையை நான் பாத்தேன். ஹால் டிக்கெட்டையும் பாத்தேன்." மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் இருந்தது. அதைச் சொன்னால் மன்னிக்கிற வேலையையும் செல்லக்கனிக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். சொல்லவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நிமிஷம் பத்து நொடி, பதினொன்று. மிஷின் முடிந்துவிட்டது என்று கத்துகிறது, அதுவும் உள்ளே பதிகிறது. ஜெயராணியின் செருப்புச் சத்தம் பதிகிறது. டிவியில் யாரோ ஒரு மருமகள் அழுவது பதிகிறது. பெருவிரல் நுனி வெளுத்துவிட்டது, அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் ஒரு அங்குலம் இழுத்தால் போதும். சூளை, பிள்ளையார் கோயில், ரைஸ் மில். ஜெயராணி கையுறையை மாட்டிக்கொண்டு முதல் பிளாஸ்திரியை உரித்தாள். "ஐயா, போனை வைங்க. அந்தக் கை வேணும். ஊசியை எடுத்ததும் நீங்கதான் பஞ்சை அமுக்கிப் பிடிக்கணும், தெரியும்ல." தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். "ஐயா" என்றாள் மறுபடியும். அவளுடைய கை என் இடது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நான் விரலை நேராக மேலே எடுத்தேன். சின்னதாக ஒரு சத்தம் வந்தது, பேசினது போய்விட்டது. போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வலது கையைக் கொடுத்தேன். அவள் என் விரலைப் பஞ்சின்மேல் வைத்து அமுக்கினாள். "பத்து நிமிஷம். எடுத்து எடுத்துப் பாக்காதீங்க." பஞ்சுக்கு அடியில் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. போன் நெஞ்சின்மேல் ஒருமுறை அதிர்ந்தது. அந்தப் பிள்ளைகளாக இருக்கலாம். மகனாக இருக்கலாம். எடுத்துப் பார்க்கக் கை இல்லை. பாய் குழாயைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னவே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. என்னதான் சொன்னீரு?" "மஞ்சக்காட்டுல வண்டி நிக்கணும்னு சொன்னேன்." "இப்பவா? நீரு வேலையை விட்டே பதினஞ்சு வருஷம் இருக்குமே." "பிரேக்கு மெதுவாத்தான் பிடிக்கும்" என்றேன். பத்து நிமிஷத்தில் இன்னும் ஏழு இருக்கிறது.